ஒரு சுற்று முடிய 165 வருடம்!

குருப்பெயர்ச்சி வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. சனிப்பெயர்ச்சி இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை. ஜோதிடத்தை நம்புகிறவர்களுக்கும் இது தெரியும், நம்பாதவர்களுக்கும் தெரியும். கோயில் வாசல் பேனரில் தொடங்கி செல்போன் வரை அந்த நேரத்தில் வேறு பேச்சே இருக்காது.

பலன்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்த இரண்டு கணக்குக்கும் பின்னால் இருப்பது வானியல்தான். கோள்கள் நகரும் வான்வட்டத்தை 12 ராசிகளாகப் பிரித்தார்கள். வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 வருடம் ஆகிறது. ஆக, ராசிக்கு ஒரு வருடம். சனிக்கு ஏறத்தாழ 30 வருடம். ஆக, ராசிக்கு இரண்டரை வருடம். கும்பகோணத்தில் 12 வருடத்துக்கு ஒருமுறை மகாமகம் வருவதும் வியாழனின் இந்தச் சுற்றை வைத்துத்தான். 2004, 2016 முடிந்தது. அடுத்தது 2028.

ஒருவர் தன் ஆயுளில் ஆறேழு மகாமகம் பார்த்துவிடலாம். சனி இரண்டு, மூன்று சுற்று வந்துவிடும். இதெல்லாம் மனித ஆயுளுக்குள் அடங்கும் கணக்கு.

சூரியக் குடும்பத்தின் கடைசி வீட்டில் இன்னொரு ராட்சதக் கோள் இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பழைய பஞ்சாங்கங்களில் அதற்கு இடமில்லை. அது சூரியனை ஒரே ஒருமுறை சுற்றி வருவதற்குள் தாத்தா, அப்பா, மகன், பேரன், கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன் என்று ஆறு தலைமுறை வந்துவிடும்.

அதுதான் நெப்டியூன். அதன் ஒரு வருடம், பூமிக் கணக்கில் 164.8 வருடம்.

நெப்டியூனைக் கண்டுபிடித்தது 1846-ல். கண்டுபிடித்த இடத்துக்கு அது மறுபடி வந்து சேர்ந்தது 2011-ல். அந்தச் சுற்றின் தொடக்கத்தைப் பார்த்த ஒருவர்கூட முடிவைப் பார்க்க உயிரோடு இல்லை. அப்படியிருக்க, அதற்கு 165 வருடம் ஆகும் என்பது எப்படித் தெரிந்தது? முழுச் சுற்று முடியும்வரை காத்திருந்தார்களா?

இல்லை. கண்டுபிடித்த ஐந்தாறு மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. அதற்கு முன்பு ஒரு மேதை போட்ட கணக்கில் 217 வருடம் என்று வந்திருந்தது. அந்தத் தவறைத் திருத்தியது, பாரிஸில் 50 வருடத்துக்கு மேல் சும்மா கிடந்த ஒரு பழைய குறிப்பு.

தூரம் கூடினால் நடை தளரும்

முதலில் ஓர் எளிய கேள்வி. நெப்டியூனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு காலம்?

பூமி சூரியனிலிருந்து 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நெப்டியூன் 450 கோடி கிலோமீட்டர், அதாவது 30 மடங்கு. சூரிய வெளிச்சம் பூமிக்கு வர எட்டு நிமிடம் போதும். நெப்டியூனுக்குப் போய்ச் சேர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பாதை 30 மடங்கு பெரியது என்றால் சுற்ற 30 வருடம்தானே ஆக வேண்டும்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. தூரத்தில் இருக்கும் கோள் நீண்ட பாதையில் போவது மட்டுமில்லை, மெதுவாகவும் போகிறது. சூரியனின் இழுப்பு தூரம் கூடக் கூடக் குறையும். இழுப்பு பலமாக இருக்கும் இடத்தில் கோள் வேகமாக ஓடினால்தான் தன் பாதையில் நிற்க முடியும். இழுப்பு குறைந்த இடத்தில் அந்த வேகம் தேவையில்லை.

பூமி விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நெப்டியூன் விநாடிக்கு ஐந்தரை கிலோமீட்டர்கூட போவதில்லை. ஏறக்குறைய ஐந்தரை மடங்கு மெதுவான நடை.

பாதை 30 மடங்கு. நடை ஐந்தரை மடங்கு மெதுவு. 30-ஐ ஐந்தரையால் பெருக்கினால்? 165. அவ்வளவுதான் கணக்கு!

இந்த ஐந்தரையும் எங்கிருந்தோ வந்ததில்லை. அது 30-ன் வர்க்கமூலம். ஒரு கோளின் சராசரி தூரம் தெரிந்தால் அதன் வருடம் தெரிந்துவிடும், வருடம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும் என்ற இந்த விதியை ஜெர்மனியின் யொஹான்னஸ் கெப்ளர் 1619-ல் தன் புத்தகத்தில் வெளியிட்டார். வியாழனுக்கும் இதே விதிதான். தூரம் 5.2 மடங்கு. அதன் வர்க்கமூலம் 2.28. இரண்டையும் பெருக்கினால் 11.86 வருடம்.

எந்தக் கோளுக்கு எவ்வளவு?

வியாழன் – 11.86 வருடம்
சனி – 29.5 வருடம்
யுரேனஸ் – 84 வருடம்
நெப்டியூன் – 164.8 வருடம்

விதி கையில் இருந்தது. ஆனால், விதியைப் பயன்படுத்த தூரம் தெரிய வேண்டுமே! கண்ணுக்கே தெரியாத கோளின் தூரத்தை யார் அளப்பது?

தடம் பிசகிய யுரேனஸ்

கதை யுரேனஸிலிருந்து தொடங்குகிறது. 1781 மார்ச் 13 இரவு, இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷல் தன் வீட்டுத் தோட்டத்தில் தொலைநோக்கியோடு இருந்தபோது கண்ணில் பட்டது அது. ஹெர்ஷல் 1822-ல் இறந்தபோது அவருக்கு வயது 83. அவர் கண்டுபிடித்த கோளின் ஒரு வருடம் 84. கிட்டத்தட்ட ஒரு யுரேனஸ் வருடம் வாழ்ந்துவிட்டுப் போனார்.

யுரேனஸ் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, பழைய நட்சத்திரப் பட்டியல்களைப் புரட்டிப் பார்த்தார்கள். அதற்கு முன்பே பலர் அதைப் பார்த்திருந்தது தெரியவந்தது. 1690-லேயே இங்கிலாந்தின் ஜான் ஃபிளாம்ஸ்டீட் அதை நட்சத்திரம் என்று நினைத்துக் குறித்து வைத்திருந்தார். வானியலாளர்களுக்கு இது புதையல் மாதிரி. பழைய குறிப்பும் புதிய குறிப்பும் சேர்ந்தால் முழுச் சுற்றுக்கு மேலேயே கணக்கு கிடைக்கும்.

பாரிஸில் அலெக்சி பூவார் என்பவர் அந்த வேலையில் உட்கார்ந்தார். யுரேனஸ் எந்த நாளில் எங்கே இருக்கும் என்று அட்டவணை போட வேண்டும். பழைய குறிப்புகளுக்குப் பொருந்துகிற பாதை, புதிய குறிப்புகளுக்குப் பொருந்தவில்லை. புதியதற்குப் பொருந்துவது பழையதற்கு ஒத்துவரவில்லை. கடைசியில் பழைய குறிப்புகளை ஒதுக்கிவிட்டு, புதியவற்றை மட்டும் வைத்து 1821-ல் அட்டவணையை வெளியிட்டார். பழைய ஆட்கள் தப்பாகப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணினால் பிரச்னை தீர்ந்துவிடுமல்லவா?

தீரவில்லை. சில வருடங்களிலேயே யுரேனஸ் புதிய அட்டவணையை விட்டும் விலகத் தொடங்கியது. விலகல் சின்னதுதான். வானத்தில் முழு நிலாவின் அகலத்தைப் பதினைந்தாகப் பிரித்தால் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் கணக்கு கணக்குதான். பிசகு வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போனது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று யுரேனஸை இழுக்கிறதோ என்ற சந்தேகம் பூவாருக்கே வந்தது. விடை தெரியாமலேயே 1843-ல் அவர் காலமானார்.

என்ன நடந்துகொண்டிருந்தது என்று இப்போது தெரியும். ஒரு மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்தடத்தில் யுரேனஸ் ஓடுகிறது. வெளித்தடத்தில் நெப்டியூன் மெதுவாக நடக்கிறது. பின்னாலிருந்து யுரேனஸ் நெருங்கும்போது, முன்னால் இருக்கும் நெப்டியூன் அதைத் தன் பக்கம் இழுக்கும். யுரேனஸின் ஓட்டம் ஒரு துளி கூடும். தாண்டிப் போன பிறகு அதே நெப்டியூன் பின்னுக்கு இழுக்கும். ஓட்டம் ஒரு துளி குறையும்.

யுரேனஸ் நெப்டியூனைத் தாண்டியது 1821-ஐ ஒட்டி. பூவார் அட்டவணை வெளியிட்ட அதே சமயம்! பழைய குறிப்புகளும் சரி, புதிய குறிப்புகளும் சரி. இரண்டுக்கும் நடுவில் யுரேனஸின் நடை மாறிக்கொண்டிருந்தது. பாவம், பழைய ஆட்கள்மேல் பழி போட்டாகிவிட்டது.

இப்படி ஒன்றை ஒன்று தாண்டுவது சுமார் 171 வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். அடுத்த முறை அது நடந்தது 1993-ல்.

இரண்டு பேர், ஒரே விடை

காணாத கோளைக் காகிதத்தில் தேடியவர்கள் இரண்டு பேர். ஒருவரை ஒருவர் அறியாமலேயே தேடினார்கள்.

இங்கிலாந்தில் ஜான் கவுச் ஆடம்ஸ். கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்திருந்த இருபத்துச் சொச்சம் வயது இளைஞர். 1845 அக்டோபரில் தன் விடையை எடுத்துக்கொண்டு கிரீன்விச்சில் இருந்த அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரியைத் தேடி நேரிலேயே போனார். பார்க்க முடியவில்லை. தாளை மட்டும் வைத்துவிட்டுத் திரும்பினார். அதைப் படித்த ஏரி ஒரு சந்தேகம் கேட்டுக் கடிதம் எழுதினார். அதற்கு ஆடம்ஸ் பதில் போடவில்லை. அங்கேயே விஷயம் தேங்கிவிட்டது.

பிரான்ஸில் உர்பைன் லெ வெரியே. ஆடம்ஸைவிட எட்டு வயது மூத்தவர், கணக்கில் புலி, கோபக்காரர். ஆடம்ஸைப்போல தாளை விட்டுவிட்டு வருகிறவர் இல்லை. 1846-ல் தன் கணக்கை அடுத்தடுத்து பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் வெளியிட்டார். ஆனால், தொலைநோக்கியைத் திருப்பித் தேடிப் பார்க்க பாரிஸில் யாரும் அக்கறை காட்டவில்லை. பொறுமை இழந்த லெ வெரியே, செப்டம்பர் 18 அன்று ஜெர்மனியின் பெர்லினுக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே வானியல் கூடத்தில் உதவியாளராக இருந்த யொஹான் காலே என்பவருக்கு. இந்த இடத்தில் தொலைநோக்கியைத் திருப்பிப் பாருங்கள், ஒரு கோள் இருக்கும் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

பிறந்தநாள் இரவு

கடிதம் செப்டம்பர் 23 அன்று வந்து சேர்ந்தது. கூடத்தின் இயக்குநர் என்கேவுக்கு அன்று 55-வது பிறந்தநாள். வீட்டில் விருந்து. அவருக்கு இந்தத் தேடலில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் காலே விடாமல் கேட்டதால் சம்மதித்தார். அன்று இரவு பெரிய தொலைநோக்கி சும்மாதான் இருக்கப்போகிறது!

காலேயோடு தானும் வருவதாகச் சேர்ந்துகொண்டார் ஹைன்ரிக் தாரெஸ்ட் என்ற மாணவர். அவர் ஒரு நல்ல யோசனை சொன்னார். வானத்தின் அந்தப் பகுதிக்குப் புதிதாக அச்சிட்ட நட்சத்திர வரைபடம் கூடத்தில் இருந்தது. மற்ற நாடுகளுக்கு இன்னும் அனுப்பப்படாத வரைபடம். அதை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன?

காலே தொலைநோக்கியில் கண் வைத்து ஒவ்வொரு நட்சத்திரமாகச் சொன்னார். தாரெஸ்ட் வரைபடத்தில் சரிபார்த்தார். ஒரு மணி நேரத்துக்குள் ஓர் ஒளிப்புள்ளியைக் காலே சொல்ல, அது வரைபடத்தில் இல்லை என்று தாரெஸ்ட் கூவிவிட்டார். விருந்திலிருந்து என்கேயும் வந்து சேர்ந்தார். மறுநாள் இரவு பார்த்தபோது அந்தப் புள்ளி கொஞ்சம் நகர்ந்திருந்தது. சந்தேகமே இல்லை, கோள்தான். லெ வெரியே சொன்ன இடத்துக்கும் அதற்கும் ஒரு பாகைகூட வித்தியாசம் இல்லை.

பாரிஸ் கொண்டாடியது. லண்டன் அதிர்ந்தது. ஆடம்ஸின் கணக்கு ஒரு வருடமாக மேசையில் கிடந்த கதை வெளியே வந்ததும் இரண்டு நாட்டுப் பத்திரிகைகளும் மோதிக்கொண்டன. சண்டைக்கு நடுவே லெ வெரியேவும் ஆடம்ஸும் மறு வருடம் நேரில் சந்தித்தார்கள். இருவரும் மரியாதையாகவே பழகினார்கள்.

217-ஆ, 165-ஆ?

இடம் சரி. ஆனால், லெ வெரியேயின் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது.

அந்தக் காலத்தில் கோள்களின் தூரத்துக்கு ஒரு சூத்திரம் புழக்கத்தில் இருந்தது. போடே விதி என்பார்கள். யுரேனஸ் வரை அது ஓரளவு பொருந்தியது. அதன்படி அடுத்த கோள் பூமியைப்போல் 38 மடங்குக்கு மேல் தூரத்தில் இருக்க வேண்டும். ஆடம்ஸும் லெ வெரியேவும் அதை நம்பித்தான் தொடங்கினார்கள். கணக்குப் போட்டு லெ வெரியே கடைசியில் வந்து நின்ற தூரம் 36 மடங்கு. அதற்குரிய வருடம் 217.

கோள் கிடைத்த பிறகு எழுந்தது அடுத்த கேள்வி. உண்மையிலேயே அதன் ஒரு சுற்று 217 வருடம்தானா?

இதைக் கண்டுபிடிப்பது லேசில்லை. நெப்டியூன் ஒரு வருடத்துக்கு இரண்டு பாகை சொச்சம்தான் நகரும். கண்டுபிடித்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு பாகை நகர்வுகூட கையில் இல்லை. உடைந்த வளையலின் நகக்கண் அளவு துண்டைக் கொடுத்து, முழு வளையல் எவ்வளவு பெரிது என்று கேட்டால் எப்படிச் சொல்வது? கைக்குழந்தையின் வளையலாகவும் இருக்கலாம், பாட்டியின் வளையலாகவும் இருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு துண்டு கிடைத்தால் சொல்லிவிடலாம். ஆனால், அந்தத் துண்டு சேர 50 வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் சியர்ஸ் வாக்கர் என்ற வானியலாளர் காத்திருக்க நினைக்கவில்லை. எதிர்காலத்தில் கிடைக்கப்போவது கடந்த காலத்திலேயே இருக்கலாமே! யுரேனஸுக்கு நடந்தது நெப்டியூனுக்கும் நடந்திருக்கலாம். யாராவது முன்பே பார்த்து, நட்சத்திரம் என்று எழுதி வைத்திருக்கலாம்.

கையில் இருந்த சில மாதக் குறிப்புகளை வைத்து, பழைய வருடங்களில் நெப்டியூன் எங்கெங்கே இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார். பட்டியல்களில் தேடியபோது 1795 மே 10 அன்று பாரிஸில் பதிவான ஒரு நட்சத்திரம் சிக்கியது. அந்தப் பதிவின் பக்கத்தில் ஒரு சந்தேகக் குறி. 1847 பிப்ரவரியில் வாஷிங்டனில் தொலைநோக்கியை அந்த இடத்துக்குத் திருப்பினார்கள். அங்கே அப்படி ஒரு நட்சத்திரமே இல்லை!

அடித்துத் தள்ளாத பிழை

அந்தப் பதிவு வந்த இடம், பாரிஸில் ஜெரோம் லலாந்து என்பவரின் மேற்பார்வையில் நடந்த நட்சத்திரக் கணக்கெடுப்பு. ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகக் குறிக்கும் சலிப்பான வேலை. இரவுக்கு இரவு அதைச் செய்தவர் லலாந்தின் உறவினர் மிஷெல்.

வாஷிங்டன் செய்தி வந்ததும் பாரிஸில் மூல நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதே நட்சத்திரம் இரண்டு முறை பதிவாகியிருந்தது. மே 8 அன்று ஒருமுறை, மே 10 அன்று ஒருமுறை. இரண்டுக்கும் இடம் கொஞ்சம் வேறு.

நட்சத்திரம் நகராது. ஆகவே முதல் நாள் எழுதியது தப்பு என்று அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். மே 8 பதிவை விட்டுவிட்டு, மே 10 பதிவை மட்டும் சந்தேகக் குறியோடு அச்சுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது இரவும் அதே இடத்தைப் பார்த்திருந்தால்? நெப்டியூன் 51 வருடம் முன்பே, ஒரு கணக்கும் இல்லாமல் கிடைத்திருக்கும்.

ஆனால், அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். தப்பு என்று நினைத்ததை நோட்டுப் புத்தகத்திலிருந்து அழித்துவிடவில்லை. இரண்டு நாளில் அந்தப் புள்ளி நகர்ந்த அளவு, நெப்டியூன் நகரும் அளவோடு சரியாகப் பொருந்தியது. பிழை என்று ஒதுக்கியதே சாட்சியாக நின்றது.

அந்த ஒரு குறிப்பால் வளையல் துண்டு ஒரே நாளில் வளர்ந்துவிட்டது. ஒரு பாகைக்குப் பதில் 110 பாகைக்கு மேல். வட்டத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. தூரம் 36 மடங்கு இல்லை, 30 மடங்கு என்று தெரிந்தது. வருடம் 217-லிருந்து 165-ஐ ஒட்டி இறங்கிவிட்டது.

தூரமும் வருடமும் இவ்வளவு தப்பாக இருந்தும் லெ வெரியே சொன்ன இடம் மட்டும் எப்படிச் சரியாக இருந்தது? அமெரிக்காவின் பெஞ்சமின் பியர்ஸ் அது வெறும் அதிர்ஷ்டம் என்றே சொல்லிவிட்டார். லெ வெரியேவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உண்மை நடுவில் இருக்கிறது. யுரேனஸ் தாண்டிய காலத்தையொட்டிய சில பத்து வருடங்களில், அவர் போட்ட பாதையும் நிஜப் பாதையும் ஒரே திசையில்தான் இருந்தன. யுரேனஸ் பலமாக இழுபட்டதும் அப்போதுதான். ஆகவே எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைக் கணக்கு சரியாகச் சொன்னது. எவ்வளவு தூரத்தில் என்பதில் ஏமாற்றியது.

பார்த்தும் பார்க்காதவர்கள்

லலாந்து கூடத்தினர் மட்டுமா கோட்டைவிட்டார்கள்? கேம்பிரிட்ஜின் ஜேம்ஸ் சாலிஸ், ஆடம்ஸின் கணக்கை வைத்து 1846 ஜூலை கடைசியில் தேடத் தொடங்கினார். ஆகஸ்டில் இரண்டு முறை நெப்டியூனைப் பார்த்துக் குறித்தும் வைத்தார். குறித்தவற்றை உடனே ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பெர்லின் செய்தி வந்த பிறகு தன் நோட்டைப் புரட்டியபோதுதான் கைக்கு வந்தது நழுவிப்போனது தெரிந்தது.

இன்னும் பெரிய ஆச்சரியம் கலீலியோ. 1612 டிசம்பரிலும் 1613 ஜனவரியிலும் அவர் வியாழனின் நிலாக்களை வரைந்துகொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் நெப்டியூன் வானத்தில் வியாழனுக்கு அருகிலேயே தெரிந்தது. கலீலியோ அதையும் ஒரு நட்சத்திரமாகக் குறித்தார். ஜனவரி 28 அன்று, அது முந்தைய இரவைவிடச் சற்று தள்ளியிருப்பதுபோல் தெரிகிறது என்ற பொருளில் எழுதியும் வைத்தார். அதோடு விட்டுவிட்டார். சார்லஸ் கோவால், ஸ்டில்மன் டிரேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980-ல் அந்தக் குறிப்பை அடையாளம் கண்டு வெளியிட்டார்கள். அவர் பார்த்த நாளிலிருந்து பெர்லின் இரவு வரை 233 வருடம். அதற்குள் நெப்டியூன் ஒரு முழுச் சுற்றை முடித்து அடுத்த சுற்றில் பாதியை நெருங்கியிருந்தது.

முதல் பிறந்தநாள்

லெ வெரியே 1877-ல் இறந்தார். தேதி செப்டம்பர் 23. நெப்டியூன் கிடைத்த அதே தேதி! ஆடம்ஸ் 1892-ல் போனார். காலேவுக்கு நீண்ட ஆயுள். 98 வயது வரை வாழ்ந்து, 1910-ல் மறைந்தார். 76 வருடத்துக்கு ஒருமுறை வரும் ஹாலி வால்மீன் 1835-ல் வந்தபோதும் அவர் இருந்தார், 1910-ல் திரும்பி வந்தபோதும் இருந்தார். அப்படிப்பட்டவர் கண்ணை மூடியபோதுகூட, அவர் கண்டுபிடித்த கோள் தன் பாதையில் பாதி தூரத்தைத் தாண்டவில்லை.

1977 ஆகஸ்டில் நாசா ஏவிய வாயேஜர்-2 விண்கலம் 12 வருடம் பயணம் செய்து, 1989 ஆகஸ்ட் 25 அன்று நெப்டியூனின் மேகங்களுக்கு மேலே 5,000 கிலோமீட்டருக்கும் குறைவான உயரத்தில் கடந்து போனது. இன்றுவரை அங்கே போன ஒரே விண்கலம் அதுதான். நினைத்துப் பாருங்கள். கண்டுபிடித்த பிறகு ஒரு முழுச் சுற்றுகூட யாரும் பார்த்திராத ஒரு கோள், 12 வருடம் கழித்து எந்த இடத்தில் இருக்கும் என்று கணித்து அனுப்பிய கலம் அது. தவறவில்லை.

2011 ஜூலையில் அந்தச் சுற்று முடிந்தது. அதற்குச் சில நாள் முன்பு ஹபிள் தொலைநோக்கி நாலு மணி நேர இடைவெளியில் நாலு படங்கள் எடுத்தது. நெப்டியூனின் ஒரு நாள் 16 மணி நேரம்தான். ஆகவே, முழு உருண்டையும் அந்த நாலு படங்களில் அடங்கிவிட்டது. நாள் இவ்வளவு குட்டி, வருடம் அவ்வளவு நீளம். நெப்டியூனில் ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 90 ஆயிரம் நாட்கள்! நம் பூமியைப்போல அதுவும் சாய்ந்தே சுற்றுவதால் அங்கேயும் பருவங்கள் உண்டு. ஒவ்வொரு பருவமும் 40 வருடத்துக்கு மேல். அங்கே கோடையில் பிறந்த ஒருவர் குளிர்காலத்தைப் பார்க்க, முதுமையை எட்ட வேண்டும்.

நெப்டியூன் இப்போது இரண்டாவது சுற்றில் இருக்கிறது. அது முடிவது 2176-ல். இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் அதைப் பார்க்கப்போவதில்லை. அந்தக் குழந்தையின் கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி பார்க்கலாம். அன்றைக்கு நெப்டியூன் எந்த இடத்தில் நிற்கும் என்ற கணக்கு இன்றே எழுதி வைக்கப்பட்டுவிட்டது.

அந்தக் கணக்கின் ஓர் ஓரத்தில், 1795 மே மாதம் பாரிஸில் தூக்கம் விழித்து மிஷெல் எழுதிய இரண்டு வரிகளும் இருக்கின்றன. ஒன்று தப்பு என்று நினைத்து விட்டது. இன்னொன்று சந்தேகத்தோடு வைத்தது. அழிக்காமல் விட்டதால்தான் இரண்டும் பயன்பட்டன.